பலகைக்கு அந்தப் பக்கம் அழுதது யார்?

1

இந்த ஐப்பசியோடு நான் கண்டிக்கு வந்து இன்னொரு வருஷம் பூர்த்தியாகிறது. கடல் கடந்து இருக்கிறவன் ஊருக்கு எழுதும்போது இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவது வழக்கம். நானும் விட்டுப் பார்த்தேன், வரவில்லை. மத்தியானம் சாப்பிட்ட சாப்பாடு நன்றாக அமைந்துவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் வந்த கதையும் வீரகதை அல்ல. பரமக்குடியை விட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் ரயிலேறி வந்தவன், கடுகண்ணாவை ஏற்றத்தில் மலையழகை ரசிக்கிறேன் பேர்வழி என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். அதே நேரம் பார்த்து ரயில் குகைக்குள் நுழைந்தது. கண்டி ஸ்டேஷனில் என்னை அழைத்துப்போக வந்திருந்த ஜவுளிக்கடை முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நீதான் கரி அள்ளிப் போட்டு ஓட்டிட்டு வந்தியா?" என்று கேட்டார். வெளியே வந்தால் மழை. ஒதுங்குவதற்காக நுழைந்த தகரக் கொட்டகையில் பயாஸ்கோப் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே கண்டியில் நான் முதன்முதல் தரிசித்தது புத்தர் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையும் அல்ல, வாவியும் அல்ல. ஏணியிலிருந்து விழுந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரை. அன்றுமுதல், வந்த நாள் வரும்போதெல்லாம் ஒரு படம் பார்ப்பதென்று வைத்துக்கொண்டேன். அது பிறகு வந்த மாதம், வந்த வாரம் என்று வளர்ந்துவிட்டது.

ஊரில் சிலர் எனக்குத் தேயிலைத் தோட்டம் இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்களாம். இருக்கட்டும், மறுக்காதீர்கள். உண்மையில் நான் கண்டியிலேயே கொழும்புத் தெரு என்கிற தெருவில் ஒரு கடையில் துணி அளந்து கிழிக்கிறேன். தேயிலைக்கும் எனக்கும் உள்ள உறவு, அது கோப்பைக்குள் வந்த பிறகு ஏற்படுவது.

இந்த வருஷம் மட்டும் படம் பார்ப்பதில் ஒரு சங்கடம் சேர்ந்துகொண்டது. என் மனைவி கனகத்தின் அண்ணன், அதாவது என் மச்சான், பரமக்குடி கடைவீதியில் சொந்தமாக ஜவுளிக்கடை திறக்கப்போகிறார். என்னைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வாராம். தைக்குள் குடும்பத்தோடு வந்துவிட வேண்டுமாம். நல்ல மனுஷர், நல்ல எண்ணம். எனக்குத்தான் போக மனமில்லை. இந்த மழையும், வாவியைச் சுற்றி நடக்கிற சாயங்காலமும், நாங்கள் குடியிருக்கும் மஹய்யாவ வீட்டு வாசலில் நின்று பேசுகிற பேச்சும் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆனால் கனகத்துக்கு? அவள் அண்ணன், அவள் ஊர். கேட்டால் "உங்க இஷ்டம்" என்பாள். கல்யாணமான ஆண்களுக்குத் தெரியும், அந்த இரண்டு வார்த்தையில் எத்தனை வழி உண்டென்று. எந்த வழியில் போனாலும் திரும்பி வர நாளாகும்.

அதனால் நேரே கேட்காமல், அவள் மனத்தைப் படக் கொட்டகையில் வைத்து அறிந்துகொள்வதென்று ஒரு தந்திரம் செய்தேன். என் தந்திரங்களின் தரம் உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

2

இங்கே கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. புருஷனும் பெண்சாதியுமாக ஒரே குடையில் நனைந்துகொண்டு வந்து, வாசலில் பிரிந்து, இரண்டு மணி நேரம் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்துவிட்டு, மறுபடி ஒரே குடையில் நனைந்துகொண்டு போவோம். பார்க்க முடியாது, கேட்கலாம். பெண்கள் பக்கத்துச் சிரிப்பையும் விசும்பலையும் வைத்து யார் எவர் என்று சொல்லும் வித்தையை நாங்கள் எல்லோரும் பழகியிருந்தோம். நான் அதில் பெரிய நிபுணன் என்ற எண்ணம் எனக்கு.

முதலில் போனது ஒரு இங்கிலீஷ் ஊமைப்படம். எங்கும் பேசும் படம் வந்துவிட்ட இந்தக் காலத்தில், பழைய படமொன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் போட்டார்கள். ஒரு தடித்த மனுஷர் பிறர் வீட்டுக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார். வண்டி இறக்கத்தில் ஓடுகிறது. அவர் பின்னால் ஓடுகிறார். இவ்வளவுதான் கதை. இதற்குமேல் கதை வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால், வாயிருந்தும் திறக்காத அந்த நடிகரை ஊரூராக அழைத்துச் சென்று நம்மவர்களுக்குக் காட்ட வேண்டும்.

ரயில்வேயில் கிளார்க்காக இருக்கும் தம்பிப்பிள்ளை எனக்குப் பக்கத்தில் இருந்தார். எங்கள் அடுத்த வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்தவர். படத்தில் சிரிப்பு வரும் இடமெல்லாம் அவருக்குக் கவலை வரும்.

"உந்தக் குழந்தையின்ர தாய் எங்கை போட்டா?" என்றார்.

"கடைக்குப் போயிருப்பா."

"இவ்வளவு நேரமா? என்ன பொறுப்பில்லாத மனுசி!"

பலகைக்கு அப்பால் கனகம் சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்குத் தெரியும். குடத்தில் தண்ணீர் நிரம்பும்போது கடைசியில் எழும் சத்தம் போலிருக்கும். ஆனால் சிரிப்பை வைத்து ஊருக்குப் போக விருப்பமா என்று கண்டுபிடிக்க முடியாதே. வெள்ளைக்காரர் விழுந்தால் பரமக்குடிக்காரியும் சிரிப்பாள், கண்டிக்காரியும் சிரிப்பாள்.

3

அடுத்தது பம்பாய்ப் படம். பேசும் படம், பேச்சு இந்துஸ்தானி. எங்களில் ஒருவருக்கும் விளங்காது. ஆனால் கரீம் நானா, அதாவது கரீம் அண்ணன், இருந்தார். குடையும் துண்டுத் துணியும் விற்கிற கடை அவருடையது. எங்கள் கடைக்கு எதிரே. கொழும்பில் புறக்கோட்டையில் பம்பாய்ச் சேட்டுகளிடம் சரக்கெடுத்துப் பழகியதால் தமக்கு இந்துஸ்தானி தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

படத்தில் ஒரு வாலிபன் ஓடுகிற ரயிலிலிருந்து குதிரைமேல் குதிக்கிறான். இது நன்றாகவே இருந்தது. தம்பிப்பிள்ளைதான், "டிக்கட் எடுத்தவனோ தெரியேல்லை" என்று உத்தியோக முறையில் வருந்தினார். பிறகு நிலா வெளிச்சம். கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு உருகி உருகி ஏதோ சொல்கிறான்.

"நானா, எனத்த சொல்றான்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

கரீம் நானா தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவன் செல்றான், இது மொதல் தரம், சாயம் போகாது எண்டு."

"அவ?"

"வெல கூட எண்டு செல்றா."

"காதலுக்கா நானா வெல?"

"நீங்க சும்மா ஈங்க வாப்பா. பாருங்க, இப்ப அவன் கொறச்சிட்டான். அவ சிரிக்கிறா. முடிஞ்சிது யாவாரம்."

படம் முழுவதையும் இப்படியே கஜம் போட்டு அளந்து சொன்னார். கடைசியில் வில்லனை மலையிலிருந்து தள்ளியபோது, "சரக்கத் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நல்ல படம். அதைப் பேச்சு விளங்குகிறவர்கள் பார்த்தால் இவ்வளவு நன்றாக இருக்காது.

அன்று எங்கள் மகள் வள்ளியும் வந்திருந்தாள். இங்கே பிறந்தவள். வெளியே வந்ததும், "ஹரி ஷோக்!" என்றாள். ரொம்ப ஜோர் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்டு வந்த சிங்களம். பரமக்குடியில் போய் இப்படிச் சொன்னால், பிள்ளைக்குக் காற்றுக் கருப்பு என்று வேப்பிலை அடிப்பார்கள். கனகம் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, "தமிழ்ல சொல்லுடி" என்றாள். அதை அதட்டலாகவும் எடுத்துக்கொள்ளலாம், சும்மாவாகவும் எடுத்துக்கொள்ளலாம். நான் அதட்டலாக எடுத்துக்கொண்டேன். பிள்ளை கையை விட்டுப் போகிறதென்று இவளுக்குக் கவலை, அதுதான் ஊர் நினைப்பு என்று ஒரு முடிச்சுப் போட்டு வைத்தேன்.

4

மூன்றாவதாகத் தீபாவளிக்கு வந்தது தமிழ்ப் பேசும் படம். இதற்கு வெளியூரான வத்தேகமவிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்துவிட்டார்கள். ராஜா கதை. எந்த ராஜா என்று கேட்காதீர்கள். எல்லாப் படத்திலும் அவர்தான் வருகிறார். சாபம் வாங்குகிறார், காட்டுக்குப் போகிறார், போகிற வழியெல்லாம் பாடுகிறார். பாட்டுக்கு நடுவே இரண்டொரு தடவை பேசவும் செய்தார். அப்போது பார்த்துக் கண்டி மழை தகரக் கூரைமேல் இறங்கிவிட்டது. பேசும் படம் மறுபடியும் ஊமைப்படமாயிற்று. மழை விட்டால் ராஜா பாடுவதும், மழை வலுத்தால் வாயை மட்டும் அசைப்பதுமாக இருந்தார். சில பாட்டுகளை மழை எங்களுக்காகவே மறைத்துக் கொடுத்ததென்று நம்புகிறேன்.

இதற்கிடையே படச்சுருள்களை மாற்றி மாட்டிவிட்டார்கள். பாம்பு கடித்து ராஜா இறந்தார். ராணி மேலே விழுந்து பாடினாள். விளக்குப் போட்டு, விளக்கணைத்து, அடுத்த சுருள் ஓடியதும் ராஜா கல்யாண மாலையோடு சிரித்துக்கொண்டு வந்தார். கொட்டகையில் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை.

"உது மறுபிறப்பு" என்றார் தம்பிப்பிள்ளை.

"இல்ல, சிவன் வரம் குடுத்துட்டாரு" என்றார் முன்வரிசைக்காரர்.

"அதே ராணியயே மறுவாட்டியும் கட்டுறான், பாவம்" என்றார் கரீம் நானா.

புராணப் படத்தில் எதைத்தான் தப்பென்று சொல்வது? நானே கொஞ்ச நேரம் கைகூப்பிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்த இடம் வந்தது. அதுவரை திரையில் தெரிந்ததெல்லாம் சாயம் பூசிய திரைச்சீலைக் காடு. திடீரென்று நிஜமான வெளி. ஒரு ஆறு, ஆற்றில் தண்ணீர் இல்லை, ஆகவே எங்கள் ஊர் ஆறுதான். வெள்ளை வெளேரென்று மணல், தூரத்தில் பனை, ஒரு கோபுரத்தின் நுனி. ராணி வேஷம் கலைந்து ஏழைப் பெண்ணாகி, இடுப்பில் குடத்தோடு மணலில் நடந்து பாடிக்கொண்டு வருகிறாள். மழை அந்த நேரம் விட்டிருந்தது. அப்போது பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, எனக்கு நேரே, ஒரு விசும்பல் கேட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிய விசும்பல். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

கனகம்!

நூறு மூக்குக்கு நடுவில் என் பெண்சாதி மூக்கு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் இந்த ஊரில் இவளை வைத்துக்கொண்டு நான் பயாஸ்கோப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இவள் ஒரு காய்ந்த ஆற்றைக் கண்டதும் இப்படி அழுகிறாள். மீதிப் படத்தில் பாம்புச் சுருளை அதன் இடத்தில் மறுபடி ஓட்டியதில் ராஜா இன்னொரு தடவை இறந்தார். நான் கவனிக்கவில்லை.

திரும்பும்போது ஒரே குடையில் வந்தோம். அவள் கண் சிவந்திருப்பது போலத்தான் பட்டது. "படம் எப்படி?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு" என்றாள்.

அவ்வளவு துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

5

மறுநாளே முடிவு கட்டிவிட்டேன்: ஊருக்குப் போவது. தியாகம் செய்கிறவனுக்கு முகத்தில் ஒரு களை வரும் என்பார்கள். எனக்கு வயிற்றுக் கோளாறு என்று முதலாளி நினைத்து இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒவ்வொன்றிடமும் விடைபெற ஆரம்பித்தேன். வாவிக்கரை மரத்திடம், ரொட்டி விற்கும் பாண் கடைக்காரரிடம், என் செருப்பை ஒரு தடவை பிய்த்துப் போட்ட மேட்டுப் படிகளிடம். கரீம் நானாவிடம் சொன்னபோது, அவர் குடை ஒன்றை விரித்து மூடி விரித்து மூடிக்கொண்டிருந்தார். "அங்க மழயே இல்லயே, கொட வாங்கவும் வரமாட்டீங்க" என்றார். அதை வேடிக்கையாகச் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

குடும்பத்தோடு போவதற்குக் கச்சேரியில் ஏதோ சீட்டு வாங்க வேண்டுமென்று யாரோ சொன்னார்கள். கச்சேரி என்றால் இங்கே பாட்டுக் கச்சேரி அல்ல, சர்க்கார் காரியாலயம். அங்கேயும் காத்திருந்து கேட்பதுதான் வேலை, ஆனால் தாளம் போட முடியாது. ஒரு வரிசையில் நின்று, அது வேறு வரிசை என்று தெரிந்து, இன்னொன்றில் நின்று, கடைசியில் மேசைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். சிங்களக் குமாஸ்தா ஒருவர், வயதானவர், எனக்காகத் தமிழில் பேசினார்.

"ஐயாவுக்கு எங்க போறது?"

"இந்தியாவுக்குத் திரும்பிப் போறோம்."

"நோனாவும் அங்க பொறந்ததுதானே?" நோனா என்றால் இங்கே வீட்டம்மா.

"ஆமா."

"புள்ள?"

"இங்க, மஹய்யாவயில."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப ஐயா திரும்பிப் போறது, நோனா திரும்பிப் போறது. புள்ளக்கி எங்க திரும்பிப் போறது? புள்ளக்கி ஊர விட்டுப் போறது, இல்லயா?"

குற்றமாகச் சொல்லவில்லை, எப்படி எழுதுவதென்று கேட்டார். எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் என்று பெயரெடுத்தவன், ஒரு கும்பிடு போட்டு வெளியே வந்துவிட்டேன்.

6

வீட்டுக்கு வந்து அலுமாரிமேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். நான் வந்தபோது கொண்டுவந்த பெட்டி. தூசியில் தும்மல் வந்தது. கனகம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குப் பெட்டி?"

"ஊருக்குத்தான். உன் அண்ணனுக்குச் சரின்னு சொல்லிடப் போறேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். "உங்க இஷ்டம்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

சந்தோஷத்தில் உடைகிற குரல் இப்படி இருக்காதே என்று எனக்கே தோன்றியது. "என் இஷ்டமா? நீதானே அழுதே?"

"நான் எப்ப அழுதேன்?"

"படத்துல. ஆத்தைப் பாத்து. நான் கேட்டேன், விசும்பினே, மூக்கைச் சிந்தினே!"

"அது தம்பிப்பிள்ளை ஐயா வீட்டம்மா! எனக்கு அடுத்தாப்ல இருந்தாக. அவுக விளக்கணைச்சதுமே அழ ஆரம்பிச்சிருவாக. அந்தத் தடியன் குழந்தையைத் தள்ளிட்டு ஓடுனானே, அதுக்கே அழுதாக. தாயில்லாப் பிள்ளையாம்!"

"அப்ப நீ?"

"நான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்."

"எதுக்கு?"

கனகம் எழுந்து, மூலையிலிருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த ராணி மாதிரி இரண்டு எட்டு ஒயிலாக நடந்து காட்டினாள். "காலிக் குடம்ங்க அது! தண்ணி இருந்தா இப்படி இடுப்பை ஆட்ட முடியுமா? அதுவும் மணல்ல, அந்த வெயில்ல, செருப்பில்லாம! ஊத்துல தோண்டித் தோண்டி ஊறவிட்டு, ரெண்டு குடம் தலையிலயும் இடுப்பிலயும் வச்சுக்கிட்டு அந்த மணல்ல நடந்தவ நான். பாட்டா வரும்? மூச்சு வராது. அந்தப் படத்தைப் பாக்கும்போதே எனக்கு உள்ளங்காலு சுட்டுச்சு. இங்க தெருமுனையில குழாயைத் திருகினா தண்ணி வருது."

நான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். "இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? எந்நேரமும் ஊர்ப் பெருமைதானே பேசுறீக! கண்டி மழைய வையாத நாளு உண்டா? 'எங்க ஊரு வெயிலு, எங்க ஊரு காத்து'ன்னு தெருவே சிரிக்கச் சிரிக்கப் பேசுறது யாரு? உங்களுக்குத்தான் போகணும்னு உசிரு கெடந்து அடிக்குதுன்னு நெனைச்சேன். நான் குறுக்க நிக்கலாமா?"

"அது சும்மா, பேச்சுக்குச் சொல்றதுடி!"

"பேச்சுக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? முன்னாடியே ஒரு கொட்டு அடிச்சிட்டுப் பேசுங்க."

வள்ளி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பெட்டிமேல் நானும் குடத்தோடு கனகமுமாக இருப்பதைப் பார்த்து, "நாடகமா?" என்று கேட்டாள்.

"ஆமா, முடிஞ்சிருச்சு" என்றாள் கனகம்.

7

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நான் கண்டிக்கு வந்த நாள். பகலாட்டத்துக்கு அதே தமிழ்ப் படத்துக்கே போனோம். இந்தத் தடவை சுருள்களைச் சரியாக மாட்டியிருந்தார்கள். அதனால் படம் கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. ராஜா ஒரே தடவைதான் இறந்தார். கரீம் நானாவை நான் வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு வந்திருந்தேன். நாங்கள் போகவில்லை என்று சொன்னதும், "எனக்குத் தெரியும், கொட பாக்கி ஈக்கி" என்றார். எனக்கு எந்தக் குடையும் பாக்கியில்லை. அவர் அப்படித்தான் சந்தோஷப்படுவார்.

ஆறு வந்தது. மணல் வந்தது. ராணி குடத்தோடு வந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் தம்பிப்பிள்ளை வீட்டம்மா உரிய நேரத்தில் தொடங்கிவிட்டார். இப்போது கேட்டால் அது கனகத்தின் விசும்பல் இல்லவே இல்லை. எப்படித்தான் மாறி நினைத்தேனோ. எனக்குப் பக்கத்தில் தம்பிப்பிள்ளை, "ஆரோ ஒரு மனுசி அழுகிறா, பாவம்" என்றார். என்னைவிடப் பெரிய நிபுணர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்து எனக்கு ஆறுதலாக இருந்தது.

அப்போது பலகைக்கு மேலாக, கொட்டகை முழுவதும் கேட்க, ஒரு குரல் வந்தது:

"என்னங்க! குடத்தைப் பாருங்க!"

பெண்கள் பக்கம் முழுவதும் குலுங்கிச் சிரித்தது. அத்தனை பேரும் எங்கேயோ எப்போதோ குடம் தூக்கியவர்கள்தானே! ஆண்கள் பக்கம் என்ன ஏதென்று விளங்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கரீம் நானா என் பக்கம் குனிந்து, "எனத்தயாம்?" என்று கேட்டார். இந்த ஒரு தடவை நான் அவருக்கு மொழிபெயர்த்தேன்.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்கள், மச்சானை இதையே பதிலாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைக்கு வேறு நல்ல பங்காளியாகப் பார்க்கட்டும். ஊரை நாங்கள் மறந்துவிடவில்லை. நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கிறோம், வெளியே மழை பெய்ய, மடியில் கடலையோடு. இப்படி உட்கார்ந்து பார்க்க அந்த ஆறு ரொம்ப அழகாகத்தான் இருக்கிறது. படம் எடுக்கிறவர்களிடம், நடக்கிறவள் குடத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அனுப்பச் சொல்லுங்கள்.